வண்ணமீன்: குணம் பார்த்துச் சேர்க்கவும்

உபதொழிலாக வண்ணமீன் வளர்க்கும் உழவர் பெருமக்கள், தொட்டி மிச்சம் என்று கருதிப் பலவகை மீன்களையும் ஒன்றாக விடுவது நட்டத்துக்கே வழி. டைகர் பார்ப் துடுக்கான மீன். ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பியின் வாலையும் கடித்துக் கிழித்துவிடும். துடுப்பு கிழிந்த மீனுக்கு விலையில்லை. புண்ணில் பூசணமும் பற்றும்.

டைகர் பார்ப்பை எட்டுக்குக் குறையாமல் கூட்டமாக விட்டால், தமக்குள்ளேயே துரத்திக்கொண்டிருக்கும்; பிற மீன்களைச் சீண்டுவது குறையும். துணைக்கு ரோசி பார்ப் போன்று குட்டைத் துடுப்பும் வேகமும் உள்ள மீன்களே ஏற்றவை. வளர்ந்த ஏஞ்சல், வாயில் அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

விற்கும்போது இவற்றை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்வது நம் கடமை என்பேன். அன்றைய விற்பனை சற்றுக் குறையலாம். ஆனால், அவர் வீட்டுத் தொட்டியில் மீன் பிழைத்தால்தான் மறுபடியும் நம்மிடம் வருவார்.