ராடு மேல் பழி போடாதீர்கள்

மார்கழி பிறந்தால் பேகம்பூரில் ஒரே புலம்பல்: "ஹீட்டர் ராடு வீக் ஆயிடுச்சு, தண்ணி சுடவே மாட்டேங்குது." உடனே புது ராடு. ராடு எங்கே வீக் ஆகும்? காயில் வேலை செய்யும், இல்லாவிட்டால் எரிந்துபோகும். 230 வோல்ட்டில் 1500 வாட் இழுப்பது, 190 வோல்ட்டில் ஆயிரம் சொச்சம்தான் இழுக்கும். விடிகாலையில் தெருவே ராடு போட்டால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும்.

ராடைக் கொல்வது போர் தண்ணீர் உப்பு. வெள்ளையாகப் படிந்த ஓடு சூட்டை வெளியே விடாது. உள்ளே காயில் வெந்துபோகும். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் உதிரும். (எலுமிச்சையும் ஆகும், ஊறுகாய்க்குப் போக மிஞ்சினால்.) கத்தியால் சுரண்டுகிறார்களே, அதுதான் ஆகாது. குழாயில் துளை விழுந்தால் கரண்ட் தண்ணீரில் இறங்கும். கழுவியதைத் துடைத்து ஆணியில் மாட்டுங்கள், ஈரத்தரையில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, எர்த் பின்னை உடைத்துவிட்டு 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது. 1500 வாட்டுக்கு ஆறரை ஆம்பியர் வேண்டும், சாக்கெட் கருகும். எர்த் இல்லாத ராடு கசிந்தால், வாளியில் கைவிடுகிறவர் உடம்புதான் எர்த். "இருபது வருஷமா இப்படித்தான்" என்கிறவர்கள், பேரப்பிள்ளை சூடு பார்க்க வாளியில் கைவிடும்போதும் இதையே சொல்வார்களா?