கடைவாய்க்காலுக்கும் ஒரு திகதி



கந்தளாய்க் குளத்தின் மதகு எந்த நாளில் திறக்கும், எந்த நாளில் பூட்டும் என்பது இங்கே கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருப்பவருக்கும் தெரியும். போகம் தொடங்குமுன் கூட்டம் கூடும். அதிகாரிகள் ஒரு பக்கம், விவசாயிகள் ஒரு பக்கம். குரல் உயரும், சில வேளை சண்டையும் வரும். ஆனால் எழும்பிப் போகும்போது எல்லார் கையிலும் ஒரு திகதி இருக்கும். பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் கோவைகளைச் சுமக்கும் நமக்கு அந்தத் திகதி இல்லை. அதைக் கேட்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். அடுத்த வருடப் பாதீட்டுக்கான மதிப்பீடுகள் கொழும்புக்குப் போகும் காலம் இது. இப்போது வாய் திறக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் போய்விடும்.

நாடாளுமன்றத்தில் பாதீடு வாசிக்கும்போது ஒரு தொகை சொல்வார்கள். மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் வரும். அது ஒதுக்கீடு. ஒதுக்கீடு வேறு, காசு வேறு என்பதை நிதிக் கிளையில் ஒரு மாதம் இருந்தவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. திறைசேரி விட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு, பிறகு பீடத்துக்கு. எலஹெரவில் புறப்பட்ட தண்ணீர் மின்னேரியா தாண்டி நம்முடைய குளத்துக்கு வந்து சேருகிற கதைதான். தலைவாய்க்காலில் ஒருவர் பலகை போட்டால் கடைவாய்க்காலில் வெடிப்பு விழும். சம்பளம் எப்படியாவது வந்துவிடும். முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவில், அதிலும் ஆய்வுக் கருவியில், இரசாயனப் பொருளில்.

2022ஐ மறக்க முடியுமா? நான் அப்போது இருந்த கந்தோரின் பெயர் வேண்டாம். மண் பரிசோதனைப் பொருள்களுக்கு மூன்று விலைமனு எடுத்து வைத்திருந்தோம். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலே நின்றது. மே மாதம் 360ஐத் தொட்டது. விலைமனுவின் காலம் முடிந்தது. கொழும்புக் கடைக்காரர் கையை விரித்தார். இடையில் ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. பின்னாலேயே செலவைச் சுருக்கு, ஆள் எடுக்காதே என்று சுற்றுநிருபங்கள். மீண்டும் மனு, மீண்டும் குழு, மீண்டும் கையெழுத்து. கடைசியில் வருட முடிவில் கொஞ்சம் காசு வந்தது, டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டளையோடு. திட்டத்தில் எழுதியிருந்ததோ பெரும்போகத்துக்கு முன் எடுக்க வேண்டிய மண். டிசம்பரில் அந்த வயலில் பயிரும் தண்ணீரும் நின்றன.

அந்த ஆய்வைச் செய்த விரிவுரையாளர் என் மேசைக்கு வந்து, உங்களால்தான் என் ஆய்வு கெட்டது என்று கத்தினார். ஒரு பில்லை ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாதவருக்கு ஆய்வு எதற்கு என்று நானும் கத்தினேன். இரண்டு பேரும் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவருடைய மேசையும் என்னுடைய மேசையும் ஒரே கடைவாய்க்காலில்தான் இருந்தன.

இந்தச் சண்டையைத்தான் நிறுத்த வேண்டும், தோழர்களே. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6% வேண்டும் என்று 2012 ஜூலையில் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ 100 நாள். காலியிலிருந்து கொழும்புக்குக் கால்நடையாகவும் போனார்கள். 2024 மே 2 அன்று கல்விசாரா ஊழியர்களாகிய நாம் இறங்கினோம். இரண்டு மாதத்துக்கு மேல் பதிவாளர் கிளைகள் பூட்டிக் கிடந்தன. விரிவுரையாளர்கள் நின்றபோது நாம் வேடிக்கை பார்த்தோம். நாம் நின்றபோது, பெறுபேறு தாமதமாகிறதே என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். திறைசேரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1%. ஆயிரம் ரூபாவில் ஒரு ரூபா! அந்த ஒரு ரூபாவும் நேரத்துக்கு வருவதில்லை. 6% கேட்பது நியாயம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் 6 கிடைத்தாலும் அது டிசம்பர் கடைசி வாரத்தில் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? அதனால் இம்முறை தொகைக்கு முன் திகதியைக் கேட்போம். காலாண்டுக்கு ஒரு முறை காசு எந்த நாளில் விடப்படும் என்பதை வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். ஆய்வுக்கென்று வந்த காசு டிசம்பர் 31 அன்று செத்துப்போகாமல் அடுத்த போகத்துக்குப் போக வழி வேண்டும். காலியாகக் கிடக்கும் கதிரைகளுக்கும் ஆள் வேண்டும். அதைத் திட்டக் காசால் ஈடுசெய்ய முடியாது. உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனோடு 2017 இல் உயர்கல்விக்கான அஹெட் திட்டம் வந்தது. ஆய்வு மானியங்களும் வந்தன. திட்டக் காசுக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. திறைசேரி தன் ஆளணியில் சேர்க்காத வேலையைக் கடன் எத்தனை நாள் தாங்கும்?

சர்வதேச நாணய நிதியம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பதில் வரும். 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட 300 கோடி டொலரின் நிபந்தனைகளை நாமும் வாசித்திருக்கிறோம். திகதி சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடத்திலும் கூட்டம் கூடத்தானே செய்கிறது? எவ்வளவு குறைவு, எந்த நாளில், யாருக்கு என்று சொல்லத்தானே செய்கிறார்கள்?

கந்தளாய்ச் சீனி ஆலையைப் பாருங்கள். 1993 இல் மூடினார்கள். திறப்போம் என்று எத்தனை தேர்தல் மேடையில் கேட்டிருப்போம்! இயந்திரம் துருப்பிடித்தது மட்டுமல்ல, அதை ஓட்டத் தெரிந்த கைகளும் போய்விட்டன. ஆய்வுக் கிளையும் அப்படித்தான். பெறுகை விதி தெரிந்த ஒருவர் ஓய்வு பெற, அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்தால், பிறகு காசு கொட்டினாலும் அதை வாங்கிச் செலவழிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் குளக்கட்டின் கீழே கூடுவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், விரிவுரையாளர், எழுதுவினைஞர், ஆய்வுகூட உதவியாளர், சாரதி, எல்லாரும் வாருங்கள். கோவைகளைக் கொண்டுவர வேண்டாம், வேலைக்கு வினை வரும். ஒவ்வொருவரும் தெரிந்த ஓர் ஆய்வைப் பற்றி மூன்று திகதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: அனுமதி கிடைத்த நாள், காசு வந்த நாள், வேலை தொடங்கியிருக்க வேண்டிய நாள். அவற்றை ஒரே அட்டவணையாக்கி, இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்து, அன்றைக்கே கையெழுத்திட்டுத் திறைசேரிக்கும் ஆணைக்குழுவுக்கும் அனுப்புவோம். சிங்களத் தட்டச்சு தெரிந்த தோழர் ஒருவர் கட்டாயம் வேண்டும். நிலாவெளி, கோணேசபுரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் திருகோணமலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மதியச் சாப்பாடு கந்தளாய்க்காரர் பொறுப்பு.