இணையப் பதிப்பும் அடிக்குறிப்பும்

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் கண்ட பாடவேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் தந்தார். பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தோடு கற்போர் மாறுபடுதற்குரிய வாயில் அதுவே. ஆயின் இன்று ஆய்வேடுகள் நம்பியிருக்கும் இணையப் பனுவல்கள் பலவற்றில் அவ்வடிப்பகுதி இல்லை. மூலம் மட்டுமே தட்டச்சாகியுள்ளது. குறை சுட்டுவார்க்குக் கிடைக்கும் விடை, 'இணையத்தில் பக்கமே இல்லை. பின் அடி ஏது?' என்பதாகும்.

இவ்விடை சாதுரியமானது, பொருத்தமானதன்று. எச்.டி.எம்.எல். மொழியில் அடிக்குறிப்புக்கெனத் தனி உறுப்பு இல்லை என்பது உண்மையே. அக்குறையை வார்ப்புருக்கள், அதாவது ஒருமுறை எழுதிவைத்துப் பலவிடத்தும் அழைக்கப்பெறும் நிரல்வடிவங்கள், எளிதில் நிறைக்கும். மீடியாவிக்கி மென்பொருளில் உரிய சொல்லின் அருகிலேயே குறிப்பை எழுதிவிட்டால், எண்ணிடுதல், இறுதியில் திரட்டுதல், மீண்டும் அச்சொல்லோடு இணைத்தல் ஆகிய அனைத்தையும் நிரலே செய்துவிடும். பாடவேறுபாடு ஒரு வரிசை, சொற்பொருள் மற்றொரு வரிசை எனக் குழுக்களாகப் பிரிக்கவும் இயலும். அச்சுக்கோப்பவர் ஈயத்தில் பட்ட பாடு இதில் இல்லை.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. நிரல், குறிப்புகள் தோன்றும் வரிசையிலேயே எண்ணிடுகிறது. முன்னர் ஒரு குறிப்புப் புதிதாகச் சேருமாயின் 40ஆம் குறிப்பு 41ஆகும். ஓர் ஆய்வாளர் நேற்றுச் சுட்டிய 'குறிப்பு 40' இன்று வேறொரு பாடத்தைக் காட்டும். அச்சில் இத்தகைய மாற்றம் நேர மறுபதிப்பு வரவேண்டும். இணையத்தில் ஒரு பிற்பகல் போதும். எனவே கட்டுரைகளுக்கென அமைந்த வார்ப்புருவை அப்படியே இரவல் வாங்குதல் தகாது. ஒவ்வொரு குறிப்பும் வரிசையெண்ணால் அன்றிப் பாட்டெண், அடியெண், சீரெண் ஆகியவற்றால் பெயர்பெற வேண்டும். அங்ஙனம் பெயரிட்டால் எத்தனை குறிப்புகள் இடையே புகுந்தாலும் சுட்டிய இடம் மாறாது. அடிபிரிப்பிலேயே பதிப்புகள் வேறுபடுமிடத்து, எப்பதிப்பின் அடி என்பதும் அப்பெயரில் இடம்பெறுதல் வேண்டும். செய்யுளுக்கு இயல்பாகவே வாய்த்துள்ள இவ்வடையாளத்தைக் கைவிட்டுத் தானியங்கு எண்ணை ஏற்பது சோம்பலேயன்றி வேறன்று.

இவற்றையெல்லாம் கணினியாளரே முடித்துத் தருவர் எனத் தமிழ்த்துறைகள் காத்திருப்பது வியப்பிற்குரியது. எது பாடவேறுபாடு, எது ஏடெழுதினோர் பிழை என்பதை நிரல் அறியாது. அதனை அறிந்தவர்களோ நிரலைத் தொடுவதில்லை. சுவடியியலும் பதிப்பியலும் பயிற்றும் துறைகளில், ஒரு செய்யுளையேனும் அதன் வேறுபாடுகளோடு குறியிட்டுத் தருமாறு மாணவரைப் பணிப்பதற்கு ஒரு கணிப்பொறியும் ஒரு பழம்பதிப்பும் போதும். இரண்டும் பெரும்பாலான துறைகளில் உள்ளன.