பிரேக்கில் ஏர் எடுக்க லேப்டாப் எதற்கு?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்க்கலாம், லெட்டர் டைப் செய்யலாம், பிள்ளைகள் கேம் விளையாடலாம். வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வேலை சொல்கிறேன். வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரின் பிரேக்கில் ஏர் எடுக்கலாம். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் காரில் ஏபிஎஸ் இருந்தால் அதற்குள் ஏற்கனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அர்த்தம். சக்கரங்களில் உள்ள சென்சார்கள் அவை சுற்றும் வேகத்தை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவசரமாக மிதிக்கும்போது ஒரு சக்கரம் லாக் ஆகப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல முறை குறைத்துக் கூட்டும். 1978-ல் போஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காரில் கொண்டு வந்த இந்த வசதி, 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கே கட்டாயமாகிவிட்டது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கோவில்பட்டி கரிசல் பூமியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போதும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்றுதான் விதி இருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் கீழே போய்விடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அது வேண்டவே வேண்டாம்.

சாதாரணமாக ஆயில் மாற்ற லேப்டாப் தேவையில்லை. இரண்டு பேர் போதும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் விடுங்கள். ஒருவர் "மிதி, பிடி" என்று சொல்ல, மற்றவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். முக்கியமாக, மேலே உள்ள ஆயில் டப்பா காலியாகவே கூடாது.

காலியாகிவிட்டால், அல்லது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால், ஏபிஎஸ் பிளாக்குக்குள் காற்று புகுந்துவிடலாம். வில்லங்கம் இங்கேதான். அந்தப் பிளாக்கில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொதுவாக இரண்டு வால்வுகள். சும்மா இருக்கும்போது உள்ளே விடும் வால்வு திறந்திருக்கும், வெளியே விடும் வால்வு மூடியிருக்கும். மூடிய வால்வுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால் நாம் எத்தனை முறை மிதித்தாலும் வராது. வால்வைத் திற, மோட்டாரை ஓட்டு என்று கம்ப்யூட்டர் கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளையை அனுப்பத்தான் லேப்டாப்.

எங்கள் சித்தப்பா காரில் இதுதான் நடந்தது. மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு மெக்கானிக் அண்ணாச்சி நான்கு சக்கரத்திலும் இரண்டு முறை ஏர் எடுத்தார். பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. காரணம் அவருக்குத் தெரியும், கட்டளை அனுப்பும் கருவிதான் அவரிடம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், திருநெல்வேலிக்கு ஓட்டி வாருங்கள் என்றார்கள். பிரேக் சரியில்லாத காரை நால்வழிச் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போக வேண்டுமாம்! பிறகு லீவில் வந்திருந்த நான் கேபிளை மாட்டி, வெளியார் எழுதிய ஒரு சாப்ட்வேரில் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். மோட்டார் உறுமியது, அண்ணாச்சி மறுபடி ஏர் எடுத்தார், பெடல் கெட்டியானது. மொத்தம் ஒரு மணி நேர வேலை.

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வால்வைத் திறக்கும் கட்டளையில் பெரிய தொழில் ரகசியம் எதுவும் இல்லை. பிரேக் விஷயத்தில் தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது என்று கம்பெனிகள் சொல்வதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பேனர் உள்ள எவரும் நிப்பிளைத் திறக்க முடிகிறதே. கடைசிப் படியை மட்டும் பூட்டி வைத்தால், பாதி வேலை முடிந்த கார்தான் ரோட்டில் ஓடும். அது யாருக்குப் பாதுகாப்பு?

இந்தச் சண்டை புதிதல்ல. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தரவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் வருடக்கணக்கில் இழுத்தன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளமே திறந்தது, அதில் வாகனங்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இந்த உரிமையை வாங்கிவிட்டார்கள். இங்கே இணையதளம் மட்டும் போதாது. கார் விற்கும்போதே இந்தக் கட்டளைகளைத் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை? கம்பெனி சாப்ட்வேரின் திருட்டுக் காப்பிகளைத் தேடாதீர்கள். "ஆன்டி வைரஸை ஆப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும். வேறு சாட்சி வேண்டுமா? போர்டு கார்களுக்கு போர்ஸ்கேன், போக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களுக்கு விசிடிஎஸ் என்று முறையான சாப்ட்வேர்கள் இருக்கின்றன. எல்லாக் கம்பெனி கார்களுக்கும் இப்படிக் கிடைப்பதில்லை. கட்டளை கொடுக்கும் முன் கார் பேட்டரியும் லேப்டாப் பேட்டரியும் நிறைய சார்ஜ் இருக்கட்டும், லேப்டாப்பின் ஸ்லீப் வசதியை நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்று, எச்சரிக்கை விளக்குகளும் அணைந்தால் மட்டும் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெடல் இன்னும் மெத்தென்று இருந்தால் காரை எடுக்கவே வேண்டாம், லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஒரு விஷயம். கடையில் மலிவாகக் கிடைக்கும் இஎல்எம் 327 அடாப்டரோடு வரும் சாதாரண ஆப்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். உங்கள் மாடலுக்கு ஏபிஎஸ் ஏர் எடுக்கும் வசதி சாப்ட்வேரின் பட்டியலில் இருக்கிறதா, அது எந்த அடாப்டரைக் கேட்கிறது என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.