தலை நிமிரவில்லையா? வயதின் மேல் பழி போடாதீர்கள்!

மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் நிற்கிறது திருச்சிலுவைக் கோயில். கீழே தெருவில் இருந்து அதைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியாக வேண்டும். தாடை நெஞ்சில் இடிக்கும் அளவுக்குக் கழுத்து வளைந்துபோனவருக்கு அது முடியாது. எதிரே வருபவரின் கால்கள்தான் தெரியும். ரோட்டைக் கடக்கப் பயம், சாப்பிட்டால் புரையேறும். 'வயசானா கூனத்தானே செய்யும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாக் கூனும் வயதால் வருவதில்லை. தேய்மானம், எலும்புக் காசநோய், பழைய அடி, முன்பு செய்த கழுத்து ஆபரேஷன் என்று காரணங்கள் பல. முதுகெலும்பையே ஒரே கம்பாக இறுக்கிவிடும் 'ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்ற வாதநோய் இளவயதிலேயே தொடங்கிவிடும். தசை, நரம்பு நோய்களாலும் தலை தொங்கலாம். அதற்கு முதலில் மருந்துதான்.

மல்லாந்து படுத்தால் தலை தலையணையில் பதிகிறதா? பதிந்தால் கழுத்தில் இன்னும் நெகிழ்வு இருக்கிறது. அந்தரத்திலேயே நின்றால், எலும்பு இறுகியிருக்கலாம். சட்டைப் பட்டன் போட, மீன் முள்ளைப் பிரித்தெடுக்க விரல் தடுமாறினாலோ, நடக்கும்போது செருப்பு தெரியாமலே கழன்றாலோ தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது. சலூனில் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். இறுகிய எலும்பு சட்டென முறியும்.

நெகிழ்வுள்ள கழுத்தில் ஜவ்வை அகற்றி, எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்துப் பிணைத்தாலே பெரும்பாலும் போதும். இறுகிய கழுத்தில் எலும்பையே ஆப்பு வடிவில் வெட்டி நிமிர்த்த வேண்டும். அந்த வெட்டு பெரும்பாலும் கழுத்தின் அடியில், ஏழாவது எலும்பில் விழும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது எலும்பில்தான் உள்ளே நுழைகிறது. அதனால் அங்கே ஆபத்து குறைவு. 1970-களில் கனடாவின் எட்வர்ட் சிம்மன்ஸ், நோயாளியை உட்கார வைத்து, விழித்திருக்கும்போதே இதைச் செய்தார். கை கால் அசைகிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? இப்போது மயக்க நிலையிலேயே கருவிகள் நரம்பைக் கண்காணிக்கின்றன.

2019-ல் சீனாவின் ஷென்செனில், இதே வாதநோயால் முகம் தொடையில் ஒட்டும்படி மடிந்துபோன ஒருவரைப் படிப்படியாக நான்கு ஆபரேஷன்களில் நிமிர்த்தினார்கள்.

நிமிர்த்துவதிலும் அளவு உண்டு. அதிகமாக நிமிர்த்திவிட்டால் படியும் தெரியாது, இலையில் உள்ள சோறும் தெரியாது. அதனால் பார்வை லேசாகத் தாழ்ந்தே இருக்கும்படி வைப்பார்கள். பிணைத்த பிறகு கழுத்து முன்போல் திரும்பாது. உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். தோள் பலவீனம், விழுங்கச் சிரமம், அரிதாகப் பக்கவாதம் ஆகிய அபாயங்களும் உண்டு. சம்மதக் கையெழுத்துக்கு முன் இவற்றையெல்லாம் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மணப்பாட்டுக்காரர்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தேவைப்படும் ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே விசாரிக்கலாம்.