மூன்று துளி தண்ணீரும் ஒரு அரசாங்கமும்

சீன மொழி கத்துக்கிறேன்னு ஆப் இறக்கினவங்க எல்லோருக்கும் முதல் வாரம் ஒரே பாடம்தான். மலை மூணு முகடு மாதிரி, மரம் கிளையும் வேருமா, ரெண்டு மரம் சேர்ந்தா தோப்பு, மூணு சேர்ந்தா காடு. பார்த்ததும் "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். இந்தப் படக்கதையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி. பெரும்பாலான சீன எழுத்துகள் படமே கிடையாது. ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஒலியைக் காட்டும்.

என்னைக் கேட்டால், சீக்கிரமே கற்க வேண்டிய எழுத்து ‘ஜ்ர்’. நாக்கை மடித்துச் சொல்லணும். ‘ழ’ பழகின நமக்கு அது பெரிய கஷ்டமில்லை. மொத்தம் எட்டுக் கோடுகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று துளிகள். ‘நீர்’ என்ற எழுத்தின் சுருங்கிய வடிவம். வலப்பக்கம் வெறும் ஒலிக்குறிப்பு. அதுவும் காலப்போக்கில் உச்சரிப்பு மாறி, இன்றைக்குத் துப்பாகக்கூட உதவாது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதியில் இது ஒரு ஆற்றின் பெயர், அவ்வளவுதான்.

ஆனால் புழக்கத்தில் அது போன தூரம் பெரிசு. ‘நீர்’ சேர்த்தால் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது. ‘நோய்’ சேர்த்தால் சிகிச்சை. ‘அரசியல்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதுதான். ஆற்றையும் உடம்பையும் நாட்டையும் ஒரே வினைச்சொல்லால் கவனிக்கிறார்கள்!

இதற்குப் பின்னால் யூ என்ற மன்னனின் புராணம் இருக்கிறது. அப்பா குன், ஒன்பது வருஷம் கரை கட்டி வெள்ளத்தைத் தடுக்கப் பார்த்துத் தோற்றார். மகன் யூ தடுக்கவில்லை. கால்வாய் வெட்டி வழிவிட்டார். பதிமூன்று வருஷத்தில் மூன்று தடவை சொந்த வீட்டு வாசலைத் தாண்டியும் உள்ளே போகவில்லையாம். புராணத்தை விடுங்க, சிச்சுவானில் துஜியாங்யான் இருக்கே! கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர், அணை கட்டாமல் மின் ஆற்றை இரண்டாகப் பிரித்தார். செங்டு சமவெளிக்கு இன்னைக்கும் அந்த ஏற்பாட்டில்தான் பாசனம். சிவில் பசங்க கட்டாயம் தேடிப் பாருங்க.

அதற்காக "சீனர்கள் இயற்கையோடு இயைந்தவர்கள்" என்று ரீல்ஸ் பாணியில் உருகவும் வேண்டாம். மஞ்சள் ஆற்றில் சான்மென்ஷியா அணை 1960-ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. வண்டல் மளமளவென்று நிரம்பிவிட்டது. சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி 1957-லேயே இதை எச்சரித்தார்; கட்டியே தீருவீங்கன்னா அடியிலுள்ள துளைகளையாவது அடைக்காதீங்க என்றார். அரசை விமர்சித்தும் எழுதினார். ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தினார்கள். துளைகளை அடைத்தார்கள். பின்னால் பெரும் செலவில் அதே துளைகளைத் திறந்தார்கள்.

ஒரு எழுத்துக்குள் நீரும் ஆட்சியும் சேர்ந்தே இருப்பதைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி உறைக்கும். வெறும் மர-மலைப் படங்களோடு நின்றவர்களுக்கு அது கிடைக்காது. அடுத்ததாக ‘சட்டம்’ என்ற எழுத்தை எடுங்க. அதிலும் இடப்பக்கம் அதே மூன்று துளிகள்தான்.