கற்பூரச் சுடரை ஆட்டோவிடம் விடலாமா?

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலைப்படிகளில் உயரும் செல்போன்களுக்குக் கணக்கில்லை. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா அது. 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் படங்களிலோ சுடர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு; முகங்கள் இழுபட்டுக் கிடக்கின்றன.

கேமராவைத் திட்டிப் பயனில்லை. ஆட்டோவில் அது காட்சி முழுவதையும் அளந்து, சராசரியாக ஒரு சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பெரும்பகுதி இருட்டு என்றால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 1600, அப்பர்ச்சர் எஃப் 2, ஷட்டர் நொடியில் 125-ல் ஒரு பங்கு என்று மேனுவலில் தொடங்கிப் பார்க்கலாம். சுடருக்கு மேல் குனியும் முகத்தின் மஞ்சள் பூச்சும் நெற்றி வியர்வையும் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ' என்ற பெயரில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் நாமே வைக்கும் வசதி சும்மா கிடக்கிறது.

ஆடிக் கிருத்திகைப் பகல் வெயிலுக்கு ஃபிலிம் காலத்துக் கணக்கே போதும்: எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. புஷ்பக் காவடி ஆடினால் எஃப் 8, 1/500. வெளிச்சம் அதேதான், அசைவு மட்டும் உறைந்து நிற்கும்.

அரக்கோணத்தில் விஷயம் வேறு. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. பக்கவாட்டில் நின்று 1/60-ல் எடுத்தால், ஷட்டர் மூடுவதற்குள் அரை மீட்டர் நகர்ந்துவிடும்; 1/1000-ல் வெறும் மூன்று சென்டிமீட்டர். (ராஜாளி கடற்படை விமானதளத்தின் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். அங்கே எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.)

எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும் என்ற வீம்பும் தேவையில்லை. வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழையும் ஊர்வலத்துக்கு ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாம் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

கல்யாண மேடையில்தான் அலட்சியம் அதிகம். பளிச்சென்ற பின்னணி, வெள்ளை வேட்டி. நடுவே மாநிறமோ கறுப்போ ஆன முகம். வெள்ளையைப் பார்த்து மிரளும் ஆட்டோ மொத்தப் படத்தையும் மங்கலாக்க, முகம் மேலும் கறுக்கும். பிறகு எடிட்டிங்கில் ஆளையே வெளுக்க வைக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் வீட்டார் கேமரா மாடலை விசாரிப்பது இருக்கட்டும். எடிட் செய்யாத நாலு படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.